காய்ந்த தண்ணீரை வாசித்தவர்

"தண்ணியில எழுதி, அது காஞ்சு, எழுதினவனே மறந்துபோன எழுத்தைக்கூட நான் வாசிச்சுக் காட்டுவேன்" என்று யூ சோங்நியான் சொன்னபோது, கால்வாய்க்கரைத் தேநீர்க்கடையில் பதினேழு பேர் ஒரே மூச்சில் சிரித்தார்கள். அடுப்பிலிருந்த கெண்டியின் மூடிகூடக் கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டு அமர்ந்தது.

பாவ் தேஷுன் மட்டும் சிரிக்கவில்லை. பாவ் முப்பது ஆண்டுகள் படகுத்துறையில் பயணச்சீட்டுக் கிழித்தவர். ஓய்வுக்குப் பிறகு கிழிக்க எதுவும் இல்லாததால் யூவின் துப்பறியும் வேலைகளுக்கு வலக்கையாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து இதுவரை இருபத்தாறு மர்மங்களை விடுவித்திருக்கிறார்கள் என்பது பாவின் கணக்கு. யூவிடம் கேட்டால் நான்கு என்பார், அதிலும் ஒன்றில் வாத்து தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

யூவுக்கு வயது எழுபத்து நான்கு. பட்டுக்குப் பேர்போன ஹூஜோ நகரத்தில் பட்டு வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் யாரும் அவரை மறந்திருக்க முடியாது. பட்டு காற்றிலிருந்தே தண்ணீரைக் குடித்து எடையேறும் பொருள். சும்மா விட்டால் பட்டின் விலைக்குத் தண்ணீரை விற்றுவிடுவார்கள். அதைத் தடுக்க ஒவ்வொரு பொதியிலும் எவ்வளவு ஈரம் என்று அளந்து சொல்லும் அலுவலகத்தில் முப்பத்தோராண்டு இருந்தவர் அவர். சுற்றிக் கட்டிய நூற்கற்றையான சிட்டத்தைக் கையில் ஒருமுறை அழுத்தினால் பதினொரு சதவீதமா பன்னிரண்டு சதவீதமா என்று சொல்வார். அங்கே இயந்திரம் பழுதானால் யூவைக் கூட்டிவந்து இயந்திரத்தைச் சரிபார்ப்பார்கள் என்று பாவ் சொல்வதுண்டு. கேட்பவர்கள் அதில் பாதியைக் கழித்துக்கொள்வார்கள்.

அன்று சிரிக்காத இன்னொருவரும் கடையில் இருந்தார். மூலை மேசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்து, அனுமதி கேட்காமல் யூவுக்கு எதிரே உட்கார்ந்தார். பின்னாலேயே முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, "அம்மா, வேணாம்மா, ஊரே பாக்குது" என்று கிசுகிசுத்தபடி வந்தாள்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா? காஞ்ச தண்ணியை வாசிப்பீங்களா?" என்றார் அம்மாள். "அப்போ இன்னைக்கே என் வீட்டு வாசலுக்கு வாங்க. என் பேரு ஹுவா லிங்தி. இரட்டைக்கிணற்றுச் சந்து. பட்டு ஆலையில முப்பது வருஷம் கூட்டிலேருந்து நூல் எடுத்தவ. எனக்குப் பைத்தியம் இல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

"பைத்தியம்னு யாரு சொன்னா?" என்றாள் மகள். "ஐயா, நான் ஷென் ருயிஃபாங். ஹாங்ஜோவுல மருந்துக்கடை வெச்சிருக்கேன். அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டப்போறேன், அவ்வளவுதான். அப்புறம் எங்களோடயே இருந்துடுவாங்க. பதினேழாவது மாடி. நல்ல காத்து."

"பதினேழாவது மாடியில நான் என்னடி பண்ணுவேன்? மேகத்தைப் பெருக்குவேனா?"

யூ இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். புகையில் உலர்த்திய பச்சை மொச்சை மிதக்கும் உப்புத் தேநீர். வாயில் மொச்சை இருக்கும்போது யாரும் சண்டை போட முடியாது என்பது அவருடைய அனுபவம்.

லிங்தி மென்று முடித்துவிட்டுச் சொன்ன கதை இதுதான். பதினொரு நாட்களாக, விடிந்து அவர் கதவைத் திறக்கும்போது, வாசற்கூரைக்குக் கீழேயுள்ள செங்கல் தரையில் தண்ணீரால் ஓர் எழுத்து எழுதியிருக்கிறது. பூங்காவில் ஓய்வுபெற்றவர்கள் நீளக் குச்சியில் ஸ்பாஞ்சு கட்டித் தரையில் எழுதுவார்களே, அதே மாதிரி. அவர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டாரை எழுப்பி, அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் எழுத்து காய்ந்துவிடுகிறது. தரையில் ஒரு கறைகூட இருப்பதில்லை. பதினொரு நாளும் இதே கதை.

"நேத்து ராத்திரி நான் வந்து தங்கினேன்" என்றாள் ருயிஃபாங். "காலையில அம்மா கத்தினாங்க. ஓடிவந்தேன். வெறும் செங்கல்."

"நீ பல் தேய்ச்சிட்டு வந்தே!"

"சரிம்மா. ஆனா அது மட்டும் இல்லய்யா. கதவைத் திறந்ததுமே ஆலைக்கு ஷிஃப்டுக்கு லேட்டாயிடுச்சுன்னு பதறுறாங்களாம். ரிட்டையர் ஆகிப் பதினாலு வருஷமாச்சு! அப்புறம் அந்த எழுத்தைப் பாத்தா சுத்தி நிறைய பேர் சிரிக்கிற மாதிரி ஞாபகம் வருதாம். அம்மா அதை வரைஞ்சு காட்டினாங்க. போன்ல இருக்கற அகராதியில தேடினேன். அப்படி ஒரு எழுத்தே கிடையாது. நான் மருந்து விக்கிறவ. இதையெல்லாம் கூட்டினா என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

கடைசி வார்த்தையில் அவளுடைய குரல் இறங்கியது. பாவ் அப்போதுதான் கவனித்தார், அவள் அம்மாவின் முழங்கையை விடவே இல்லை.

"நானும் கூட்டறேன். எனக்கு வேற தொகை வருது" என்றார் யூ. "லிங்தி, அந்த எழுத்தை இங்கே போடு."

லிங்தி விரலைத் தேநீரில் தோய்த்து மேசைமேல் வரைந்தார். இடப்பக்கம் ஓடும் நீர். வலப்பக்கம் மேலே ஒரு கொம்பு. அதிலிருந்து தொங்கும் இரண்டு சுருள்கள். ஒவ்வொரு சுருளின் இடுப்பிலும் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. அடியில் மண்.

யூவின் முகம் மாறியதைப் பாவ் பார்த்தார். எடை போடவந்த பொதிக்குள்ளிருந்து பழைய நண்பன் தலைநீட்டியதுபோல் மலர்ந்தது அது.

"அகராதியில இல்லாம இல்லம்மா ருயிஃபாங். இது 'ஈரம்'. ரயில் நிலையத்துல தரை துடைச்சிட்டு மஞ்சள் பலகை வைப்பாங்களே, தரை ஈரம்னு, அதே எழுத்தோட கொள்ளுத்தாத்தா. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால எலும்புமேலயும் ஆமை ஓட்டுமேலயும் கீறி வெச்சானே, அப்பவே இதுல தண்ணியும் பட்டு நூலும் இருக்கு. அப்புறம் நூலைத் தொங்கவிட ஒரு கொம்பு வந்துது, சொட்டறதை வாங்கிக்க அடியில மண்ணு வந்துது. ஈரம்னா என்னன்னு நம்ம முன்னோர்கள் மழையைக் காட்டல, ஆத்தைக் காட்டல. நனைஞ்ச பட்டைக் காட்டினாங்க. எல்லாரும் ஹூஜோக்காரங்களா இருந்திருப்பாங்க போல!"

"அப்போ மஞ்சள் பலகையில ஏன் பட்டு இல்ல?" என்றாள் ருயிஃபாங்.

"அது இன்னொரு கூத்து. ஒரு ஆத்தோட பேரை எழுதறதுக்குன்னு கிட்டத்தட்ட இதே மாதிரி வேற எழுத்து இருந்துது. அதுல நூலுக்கு மேல சூரியன். எழுதறவங்க ரெண்டையும் போட்டுக் குழப்பி, கடைசியில ஆத்தோட எழுத்தையே ஈரத்துக்கு வெச்சுட்டாங்க. வீட்டுக்காரன் வெளிய, விருந்தாளி உள்ள. அப்புறம் நம்ம காலத்துல எழுத்தைச் சுருக்கினப்போ நூலும் போச்சு. சூரியனும் நாலஞ்சு கோடும்தான் மிச்சம்."

மேசைமேல் தேநீர் எழுத்து காயத் தொடங்கியது. லிங்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றார் பாவ் ஆவலாக, "அந்தக் குறுக்குக் கோடு?"

"இந்த எழுத்தோட எந்த வடிவத்துலயும் அது கிடையாது" என்றார் யூ. "அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ருயிஃபாங், எனக்குப் பத்து நாள் கொடு. நீ திரும்பி வரும்போது அந்த எழுத்தை உனக்குக் காட்டறேன்."

"காஞ்சுபோன எழுத்தையா?"

"காஞ்சுபோனதைத்தான்."

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வேனோட வரேன்யா" என்றாள் அவள், மரியாதை குறையாமல். "காட்டினீங்கன்னா டாக்டரை வேணாம்னுடறேன். இல்லன்னா அம்மா வண்டியில ஏறணும். நீங்களே ஏத்திவிடணும்."

லிங்தி மகளின் பிடியிலிருந்து தன் முழங்கையை விடுவித்துக்கொண்டார். யூ அதைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

*

லிங்தியின் வாசலில் யூ செய்த முதல் காரியம் முட்டிபோட்டது. இரண்டாவது காரியம் செங்கல்லை முகர்ந்தது. மூன்றாவதாக விரலை நனைத்துச் செங்கல்மேல் தேய்த்து நாக்கில் வைத்தார். ருயிஃபாங் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுத்து எந்தப் பக்கம் பாத்து இருந்துது?" என்று கேட்டார் யூ.

"என்னைப் பாத்துதான். கதவுல நின்னா நேரா வாசிக்கலாம்."

கதவுக்கும் எழுத்து இருந்த இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு படி. மேமாதம் முடிந்ததும் தொடங்கிய, பிளம் பழுக்கும் பருவத்து அடைமழையில் அந்தப் படி முழுக்கப் பாசி, பச்சை வெல்வெட்டுபோல். அதில் ஒரு கீறல் இல்லை. வழுக்கும் என்று லிங்தியே அதைத் தாண்டித்தான் போவார்.

"பாத்தியா தேஷுன்?"

"பாத்தேன்ணே" என்றார் பாவ், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல்.

"லிங்தி, நீ தினம் இந்த இடத்தைப் பெருக்குவியா?"

"என்ன கேள்வி இது! காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை."

"இனிமே பெருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் துடைப்பத்தைத் தொடவே கூடாது."

பதினேழாவது மாடிக்குக்கூட லிங்தி இப்படி வெளிறவில்லை. யூ ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து செங்கற்களைச் சுற்றி அணைபோல் வைத்தார். நடுவே தரையைத் தொடாதபடி லிங்தியின் பெரிய மரக்குளியல் தொட்டியைக் கவிழ்த்தார். அதன்மேல் பாவை ஏறி உட்காரச் சொல்லி, காற்று புகுகிறதா என்று பார்த்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஒருத்தனை ஆபீஸுக்குள்ள விடாம கதவைச் சாத்தியே காலம் தள்ளினேன்" என்றார், கை தட்டித் தூசியை உதறியபடி. "இப்போ அவனையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன்."

யாரை என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

*

பாவ் அன்றே வேலையில் இறங்கினார். அவருக்குச் சந்தேகமே இல்லை. குற்றவாளி பக்கத்து வீட்டு நூடுல்ஸ் கடைத் துங். கடையைப் பெரிதாக்க லிங்தியின் வீடு கிடைக்குமா என்று மூன்று வருடமாக நூல் விட்டுப் பார்ப்பவன். வீட்டில் ஈரம், வீடு ஆகாது என்று அம்மாளை மிரட்டுகிறான். தண்ணீருக்கா பஞ்சம்? நூடுல்ஸ் வேகும் அண்டா முழுக்கத் தண்ணீர்!

"கஞ்சித்தண்ணி கறுப்புச் செங்கல்லுல காஞ்சா வெள்ளையாப் படியும்" என்றார் யூ. "லிங்தி ஒரு கறையும் பாக்கல. போதாததுக்கு, மத்தியானத்துக்குள்ள சந்துல இருக்கற அத்தனை எறும்பும் வந்து எழுத்துப் படிச்சிருக்கும். நீ பூங்காவுக்குப் போ. தலைகீழா எழுதத் தெரிஞ்சவங்க யாருன்னு பாத்துட்டு வா."

"தலைகீழாவா?"

"எழுதறவன் எழுத்தோட காலடியில நின்னு எழுதுவான். இதுக்குக் காலடி கதவுப் பக்கம். அங்கே நின்னா படியில இருக்கற பாசி நசுங்கியிருக்கணும். நசுங்கல. அப்போ அவன் சந்துல நின்னு, தனக்குத் தலைகீழா, அவளுக்கு நேரா எழுதியிருக்கான். இந்தச் சிரமத்தை எதிரிக்காக எவனாவது எடுத்துக்குவானா?"

பாவ் வாயைப் பிளந்தார். பிறகு தாமரைக்குளப் பூங்காவுக்கு ஓடினார்.

பூங்காவில் காலைநேரத்தில் நாற்பது பேர் எழுதுவார்கள் (பாவின் வாயில் அது பின்னர் நானூறாகியது). அதில் தலைகீழாக எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆசிரியர் ஜி போச்சுவான். பள்ளியில் நாற்பதாண்டு எழுத்துப்பயிற்சி நடத்தியவர், வெண்தாடி, பழைய எழுத்து வடிவங்கள் அத்தனையும் அத்துபடி. தலைகீழாக எழுதிவிட்டுக் கைதட்டல் ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் லோ ஷிங்கென். ஆலையில் பட்டுக்கூடு வேகவைத்தவர், மனைவியை இழந்தவர், பேச்சில் மகா சிக்கனம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு கிழவருக்கு எதிரே நின்றுகொண்டு, அவர் நேராக வாசிக்கவேண்டும் என்பதற்காகவே தலைகீழாக எழுதிக்கொண்டிருந்தார். கைதட்ட அங்கே யாரும் இல்லை.

"அண்ணே, ஆசிரியர் ஜிதான்!" என்று மூச்சிரைக்க வந்து சொன்னார் பாவ். "பழைய எழுத்து தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்!"

"குச்சிகளைப் பாத்தியா? ஸ்பாஞ்சை எதால கட்டியிருக்காங்க?"

"எல்லாம் கம்பிதான். ஆசிரியருக்குப் பித்தளைக் கம்பி. லோ மட்டும் வெள்ளை நூலால கட்டியிருக்கார், குறுக்கே பின்னி, அழகா இருந்துது. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் யூ. பிறகு தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, தட்டிலிருந்து ஆயிரம் மடிப்புச் சோயாக்கட்டி உருண்டை இன்னொன்றை எடுத்துத் தின்றார்.

ஆனால் லிங்தியின் வாசலில் நிலைமை சரியில்லை. தொட்டி கவிழ்த்த மறுநாளிலிருந்து எழுத்து வரவே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். லிங்தி விடிவதற்கு முன்பே கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. ஏழாம் நாள் அவர் பாவிடம் மெல்லச் சொன்னார்:

"தேஷுன் அண்ணே, நெஜமாவே நான்தான் கற்பனை பண்ணிட்டேனோ? ரெண்டு பெட்டி கட்டிட்டேன். துடைப்பத்தை எடுத்துட்டுப் போலாமா? அங்கே பெருக்க என்ன இருக்கும்னு தெரியல."

பாவ் அன்று இரவு சாப்பாட்டில் இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. அவர் மனைவிக்கு அதைவிடப் பெரிய அபாய அறிவிப்பு கிடையாது.

*

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. வேன் சந்துமுனையில் நின்றது. லிங்தியின் வாசலில் யூ அழைத்தவர்கள் கூடியிருந்தார்கள்: மாவுக் கையோடு துங், தாடியோடு ஆசிரியர் ஜி, எல்லோருக்கும் பின்னால் செருப்பைப் பார்த்துக்கொண்டு லோ. அழைக்காதவர்கள் சந்து முழுக்க. கட்டிய இரண்டு பெட்டிகளும் கதவோரம் இருந்தன.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? அண்டா கொதிக்குது" என்றான் துங்.

"வேடிக்கை பாக்க" என்றார் யூ. "தேஷுன், தூக்கு."

பாவ் தொட்டியைத் தூக்கினார். ஒரு சூடான, புழுங்கிய வாசனை எழுந்தது. கீழே ஈரமான கறுப்புச் செங்கற்கள். வேறு எதுவும் இல்லை.

யாரோ செருமினார்கள். ருயிஃபாங் பெருமூச்சு விட்டாள். அதில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அம்மா, வாங்க" என்று பெட்டியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

"அப்படியே இரு" என்றார் யூ. "மேலேருந்து பாத்தாத் தெரியாது. அந்த உசரம்தான் சரி."

செங்கல்மேல் முடி முளைத்திருந்தது. பூனைக்குட்டியின் வயிற்றில் இருப்பதுபோல் மெல்லிய வெண்மயிர், நுனிகளில் இளம்பச்சை. தரை முழுவதும் அல்ல. இடப்பக்கம் வளைந்தோடும் நீர். வலப்பக்கம் ஒரு கொம்பு, இரண்டு சுருள்கள், அடியில் மண். முழங்கை நீளத்தில், ஒரு கோடு குறையாமல், காய்ந்து பத்து நாளான எழுத்து எழுந்து நின்றது.

சந்தே ஒரே நேரத்தில் குனிந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்கள்மேல் சரிந்தார்கள். ஒருவன் கால்வாயில் விழுந்தான் என்றும் நீந்திக்கொண்டே வாசித்தான் என்றும் பாவ் இன்றும் சத்தியம் செய்கிறார்.

"பூஞ்சணம்!" என்றாள் ருயிஃபாங்.

"என் பழைய எதிரி" என்றார் யூ. "மழைக்காலத்துல பட்டைத் தின்ன வருவான். கல்லைத் திங்க மாட்டான். அவனுக்குச் சாப்பாடு போட்டது யாரு? முதல்ல ஆசிரியர் ஐயா, நீங்க பெரியவர். எழுத்து எப்படி?"

ஆசிரியர் ஜி தாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "வடிவம் பழசு, சரி. ஆனா படு அபத்தம்! சுருளோட இடுப்புல என்ன கோடு? எந்தக் கல்லுலயும் எந்த வெண்கலத்துலயும் கிடையாது. எந்த முட்டாள் எழுத்துக்கு அரைஞாண் கட்டினான்?"

"கட்டாம விட்டா நூல் சிக்கிக்குமே!" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். லோ ஷிங்கென் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். காதுமடல் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"நன்றி லோ" என்றார் யூ சாந்தமாக. "பத்து நாளா இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திட்டிருந்தேன்."

"அப்போ ஆசிரியர் இல்லையா?" என்று பாவ் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"ஆசிரியர் எழுத்தை எழுதுவார். இது எழுத்து இல்ல, சிட்டம். நூலைச் சுத்தி எடுத்ததும் குலையாம இருக்கக் குறுக்கே ஒரு கட்டுப் போடுவாங்க. ஆலைக்காரங்க கை அதைப் போடாம விடாது. லிங்தி வரைஞ்சு காட்டின அன்னைக்கே, இவன் புத்தகத்துலேருந்து வரலை, ஆலையிலேருந்து வந்தவன்னு தெரிஞ்சுபோச்சு." யூ மகளைப் பார்த்தார். "ருயிஃபாங், உன் அம்மா ஷிஃப்டுக்கு லேட்டுன்னு பதறினாங்கன்னியே. கதவைத் திறந்ததும் எதை முகர்ந்தாங்கன்னு நீ கேக்கல. வேகவெச்ச பட்டுக்கூட்டு வாசனை! முப்பது வருஷம் அந்த வாசனை அடிச்சா வேலை நேரம்னு அர்த்தம். மூளைக்கு ஒண்ணும் ஆகல, மூக்கு அவ்வளவு நல்லா இருக்கு. செங்கல்லைத் தொட்டு நாக்குல வெச்சப்போ எனக்கும் அதே ருசி. கூடு வேகறப்போ தண்ணியில கரையற பட்டுக்கோந்து அது, பூஞ்சணத்துக்குச் சாப்பாடு, காஞ்சாக் கண்ணுக்குத் தெரியாது. பதினோரு நாள் ஒரே இடத்துல, ஒரே அளவுல, அடுக்கடுக்கா. லிங்தி பெருக்கிப் பெருக்கிக் காத்தாட விட்டதால முளைக்கல. நான் மூடி வெச்சேன், முளைச்சுது."

"ஸ்பாஞ்சுல எப்படிக் கோந்து வரும்?" என்றாள் ருயிஃபாங்.

"ஸ்பாஞ்சு இல்ல. எல்லாரும் கம்பியால கட்டியிருக்காங்க, ஒருதடவை கட்டினா கட்டினதுதான். ஒருத்தர் மட்டும் சிட்டத்துக்குப் போடற அதே பின்னல்ல நூலால கட்டியிருக்கார். தினம் அவிழ்க்கறவங்கதான் நூலால கட்டுவாங்க. லோ, ஸ்பாஞ்சுக்குப் பதிலாக் குச்சியில கட்டற இன்னொரு தலை பையிலதானே இருக்கு?"

லோ பைக்குள் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்தார். கூட்டிலிருந்து உரித்த பட்டுப்பஞ்சு, ஈரமாக, முத்துப்போல் மினுங்கியது.

"பூங்காவுக்கு ஸ்பாஞ்சு போதும்" என்றார் லோ தரையிடம். "இந்த எழுத்தை ஸ்பாஞ்சுல எழுதினா நல்லா இருக்காது. கூடு வேகவெச்ச தண்ணியில பட்டை நனைச்சு எழுதணும்."

நனைந்த பட்டால் நனைந்த பட்டை எழுதியிருக்கிறார். ஆசிரியர் ஜி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாடியை விட்டுவிட்டு மறுபடி அந்த எழுத்தைப் பார்த்தார்.

லிங்தி பாசிப்படியைத் தாண்டி வந்தார். "ஷிங்கென்? ஜன்னல் வழியா எனக்குக் கூடு தள்ளுவியே, அந்த ஷிங்கெனா? இருபத்திரண்டு வருஷத்துல உன் கையைத்தான் பாத்திருக்கேன்!"

"ஆலையில நடந்த எழுத்து வகுப்புல முகத்தையும் பாத்திருக்கே" என்றார் லோ. "வாத்தியார் இதே எழுத்தைப் பலகையில போட்டு, தண்ணி, கொம்பு, சொட்டற பட்டு, மண்ணுன்னு சொன்னார். நீ எழுந்து, 'ஐயா இது எழுத்து இல்ல, நான்தான் இது'ன்னு சொல்லி, ஊறிப்போன ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினே."

"எல்லாரும் சிரிச்சாங்க!" என்று கத்தினார் லிங்தி. "ருயிஃபாங், எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன்ல!"

"நான் சிரிக்கல" என்றார் லோ.

துங் மாவுக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அட மனுஷா, கதவைத் தட்டவேண்டியதுதானே!" என்றார் பாவ் பொறுக்க முடியாமல்.

"தட்டித்தான் என்ன சொல்றது? எழுதினா, 'இது யாரு எழுதினது'ன்னு அவ கேப்பா. அப்போ தூணுக்குப் பின்னாலேருந்து வரலாம்னு பாத்தேன். அவ பாப்பா, கத்துவா, பக்கத்து வீட்டுக்கு ஓடுவா. பதினோரு நாளும் கத்திட்டு ஓடினா. பன்னிரண்டாவது நாள் வந்தா மேல தொட்டியைக் கவுத்து மூடியிருக்கு. சரி, பிடிக்கலன்னு..."

"தொட்டியைக் கவுத்தது இந்த மனுஷன்யா!" லிங்தி யூவைச் சுட்டிக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, ஆலையில் அடித்த மணிபோலச் சந்து முழுக்க ஒலிக்கச் சிரித்தார். "பத்து நாளா துடைப்பத்தைத் தொடாம ஒருத்தி உக்காந்திருந்தா, அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? உள்ள வா. காலைத் துடைச்சிட்டு வா. கவனமா வா, அதை மிதிச்சிடாதே!"

லோ எழுத்தைச் சுற்றி, மூன்றடி தள்ளி, மரியாதையாக நடந்தார். பாசிப்படியில்தான் முதல்முறையாகக் காலை வைத்தார். வழுக்கினார். லிங்தி பிடித்துக்கொண்டார். பிடித்த கையை அப்புறம் விட்டதாக யாரும் பார்க்கவில்லை. பாவ் உறுதியாகப் பார்க்கவில்லை.

வேன் ஓட்டுநர் சந்துமுனையிலிருந்து வந்து, "பெட்டியை ஏத்தட்டுமா?" என்று கேட்டார்.

ருயிஃபாங் கையசைத்து அவரை நிறுத்தினாள். பெட்டிமேல் உட்கார்ந்து கைபேசியில் எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர் ஆபீஸா? நாளைக்கு எங்க அம்மா பேருல வாங்கின நேரத்தை ரத்து பண்ணிடுங்க. ஆமா, ஞாபகக் குழப்பம்னு எழுதியிருந்தேன். இல்ல, அம்மா நல்லா இருக்காங்க. என்னைவிட நல்லா ஞாபகம் இருக்கு. காரணமா? காரணம் எழுதணுமா?"

அவள் செங்கல்லைப் பார்த்தாள். வெயில் சந்துக்குள் எட்டிப்பார்த்ததில் அந்தப் பச்சை நுனிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"தண்ணியில எழுதினது காஞ்சுபோச்சு, பத்து நாள் கழிச்சு முளைச்சு வந்துடுச்சுன்னு எழுதிக்கோங்க. இல்ல மேடம், எனக்கு அப்பாயின்ட்மென்ட் வேணாம். நான் மருந்துக்கடைக்காரி, எதையும் லேசுல நம்பமாட்டேன். ஆனா நடந்துது. நான் என் கண்ணால பாத்தேன்."